எடை போடாத பத்தொன்பது கட்டு

என் அப்பா பச்சையப்பன் ஆம்பூரில் இருபத்தொன்பது வருஷம் ஆவாரம்பட்டை வியாபாரம் செய்தார். போன மாசியில் இறந்தார். அறுபது வயது. மாரடைப்பு என்று டாக்டர் எழுதிக் கொடுத்தார். நான் தோல் தொழில்நுட்பம் படித்தவன். ராணிப்பேட்டையில் ஒரு டேனரியின் பரிசோதனைக் கூடத்தில் கெமிஸ்டாக இருக்கிறேன். சோதித்துப் பார்க்காததை எழுதும் பழக்கம் எனக்கு இல்லை. அப்பாவைப் பற்றி எனக்கு நிச்சயமாகத் தெரிந்ததை மட்டும் எழுதுகிறேன்.

ஒடுகத்தூருக்கு மேற்கே, மலையடிவாரத்தில் பிறந்தவர். பதினேழு வயதில் ஆம்பூர் வந்து மூட்டை தூக்கினார். பிறகு ஒரு மாட்டு வண்டி. பிறகு ரயில் பாதை ஓரமாக ஓடு வேய்ந்த ஒரு கிடங்கு. சொந்தக் கிடங்கு. அவர் வாழ்க்கையில் தன் பெயரில் பத்திரம் எழுதி வாங்கியது அது ஒன்றுதான். ஊர்ப்பக்கத்து ஆட்கள் உரித்துக் காயவைத்த பட்டையைக் கட்டுக் கட்டாக வாங்கி, லாரியில் ஏற்றி, டேனரிகளுக்கு அனுப்புவார். பச்சைத் தோல் பதப்பட ஆவாரம்பட்டை வேண்டும். யுத்த காலத்தில் பூட்ஸுக்குத் தோல் போய்க்கொண்டே இருந்தது. பட்டையும் போய்க்கொண்டே இருந்தது. அந்த வருஷங்களில்தான் என்னைப் படிக்க அனுப்பினார்.

அவர் யாரோடும் சண்டை போட்டதில்லை. இதை நான் பெருமையாகச் சொல்லவில்லை. ஒரு தடவை ஜோலார்பேட்டை பிளாட்பாரத்தில் ஒருவன் அவருடைய குடையைத் தன் குடை என்று எடுத்துக்கொண்டான். கைப்பிடியில் அப்பா சுற்றிய செம்புக் கம்பி பளபளவென்று தெரிகிறது. அப்பா அவனிடம், "இதே மாதிரி என்கிட்டயும் ஒண்ணு இருந்துச்சு" என்றார். அவன், "அப்பிடியா?" என்று கேட்டுவிட்டு வண்டி ஏறிவிட்டான். மழையில் நனைந்துகொண்டே வீட்டுக்கு வந்தோம். எனக்குப் பன்னிரண்டு வயது. எரிச்சல் அன்றே ஆரம்பித்தது.

1958 ஆவணியிலிருந்து கார்த்திகை வரை ஒரு கம்பெனிக்கு ஏழு லாரி பட்டை அனுப்பினார். அதன் பெயரை நான் எழுதப்போவதில்லை. பிரைவேட் லிமிடெட் கம்பெனி. முன்பு ஒரே முதலாளி வைத்து நடத்திய டேனரிதான். அவர் பிள்ளைகள் அதைக் கம்பெனியாக்கி, கடிதப் போக்குவரத்துக்கு மெட்ராஸிலிருந்து பரந்தாமன் என்ற மானேஜரைக் கொண்டுவந்தார்கள். பரந்தாமன் கெட்டவர் அல்ல. வந்த ஒவ்வொரு காகிதத்தையும் துளையிட்டு ஃபைலில் கோத்துவைப்பவர். அவ்வளவுதான்.

மூன்றாவது லாரி வரும் வழியில் மழை. தார்ப்பாய் கிழிந்திருந்தது. பட்டை நனைந்தது. கம்பெனியிலிருந்து இங்கிலீஷில் கடிதம் வந்தது. தபால்காரர் படித்துச் சொன்னார். அப்பா உடனே ஒரு தபால் கார்டு எழுதிப் போட்டார்.

இங்கே பட்டை வியாபாரத்தின் ஒரு வழக்கத்தைச் சொல்ல வேண்டும். சரக்கில் குறை என்று வாங்குகிறவர் சொன்னால், அனுப்பியவர் வாதாடக் கூடாது. குற்றம் என்னுடையது, கோபிக்க வேண்டாம் என்று கார்டு போட வேண்டும். அடுத்த லாரியில், குறைக்கு ஈடாகச் சில கட்டுகளை எல்லாவற்றுக்கும் மேலே வைத்து அனுப்ப வேண்டும். அந்த மேல்கட்டைத் தராசில் ஏற்ற மாட்டார்கள். பில்லில் வராது. ரசீது கிடையாது. கிடங்கு மேஸ்திரி அதைத் தனியாக இறக்கி வைத்துவிட்டுத் தலையாட்டுவார். விவகாரம் முடிந்தது. கொடுத்தவர் அதை எங்கும் எழுத மாட்டார். எழுதினால் சொல்லிக் காட்டியதாகிவிடும்.

அதாவது, குற்றம் காகிதத்தில் இருக்கும். பரிகாரம் காகிதத்தில் இருக்காது. இப்படி ஓர் ஏற்பாட்டை யார் கண்டுபிடித்தார்களோ தெரியாது. என் பரிசோதனைக் கூடத்தில் இப்படி ஒரு குறிப்பேடு வைத்தால் அன்றே என்னை வெளியே அனுப்பிவிடுவார்கள்.

அப்பா நான்காவது லாரியின் மேல் பத்தொன்பது கட்டு வைத்தார். கம்பெனியின் பட்டைக் கிடங்கு மேஸ்திரி அப்துல் சமத் அவற்றை இறக்கிக்கொண்டார். இருவருக்கும் இருபது வருஷப் பழக்கம். அதன்பின் இன்னும் மூன்று லாரி போனது. யாரும் எதுவும் சொல்லவில்லை. பணமும் தரவில்லை. ஏழு லாரிக்கும் சேர்த்து ஒன்பதாயிரத்து அறுநூற்று நாற்பது ரூபாய்.

பொங்கலுக்கு முன்னால் பட்டை உரித்தவர்களுக்குக் கூலி தர வேண்டும். அப்பா கம்பெனிக்குப் பதினொரு முறை நடந்தார். பதினொரு முறையும் பரந்தாமன் நாற்காலி போட்டு உட்காரவைத்து, டைரக்டர்கள் ஊரில் இல்லை என்றார். அப்பா கிடங்குப் பத்திரத்தை அடகு வைத்துக் கூலி கொடுத்தார். அதன்பிறகுதான் எனக்கு எழுதினார். அதுவும் கடைசி வரியில், 'மற்றபடி எல்லாரும் சௌக்கியம்' என்பதற்கு முந்தின வரியில்.

நான் வந்தேன். வேலூரில் சுந்தரமூர்த்தி என்ற வக்கீலிடம் அழைத்துப் போனேன். அவர் வழிகள் இரண்டு என்றார். ஒன்று, சிவில் கேஸ். அப்பீல் எல்லாம் போக எட்டு வருஷம், பத்து வருஷம். மற்றது, கம்பெனிச் சட்டம். பாக்கியைக் கேட்டு நோட்டீஸ் கொடுக்க வேண்டும். மூன்று வாரத்தில் கட்டாவிட்டால், கடன் தீர்க்கச் சக்தியில்லாத கம்பெனி, இதை இழுத்து மூட வேண்டும் என்று ஹைகோர்ட்டில் மனுப் போடலாம். மனு பேப்பரில் வந்தால் பாங்கு பயப்படும். பாங்கு பயந்தால் கம்பெனி பணத்தைக் கட்டும். எனக்கு இரண்டாவது வழி பிடித்தது. சுத்தமாக இருந்தது. இருபத்தொரு நாள், ஒரு முடிவு.

சுந்தரமூர்த்தி அப்பாவிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"பெரியவரே, நல்லா யோசிச்சிச் சொல்லுங்க. நோட்டீஸுக்கு முன்னாடி உங்களுக்குள்ள ஏதாவது தகராறு உண்டா?"

"தகராறா? இல்லீங்க" என்றார் அப்பா.

யோசித்துத்தான் சொன்னார். அவர் கணக்கில் அது பொய்யும் இல்லை.

நோட்டீஸ் போயிற்று. இருபதாம் நாள் பதில் வந்தது. அப்பாவின் தபால் கார்டின் நகல், அதற்கு இங்கிலீஷ் மொழிபெயர்ப்பு, நான்கு பக்கக் கடிதம். நனைந்த பட்டையால் நாலாயிரத்து இருநூறு ஆட்டுத்தோலில் கறுப்புப் புள்ளி விழுந்துவிட்டதாம். நஷ்டம் பதினோராயிரம். பச்சையப்பன்தான் கம்பெனிக்குத் தர வேண்டும்; கம்பெனி அவருக்கு எதுவும் தர வேண்டியதில்லை. நஷ்டத்தை அவரே கைப்பட ஒப்புக்கொண்டிருக்கிறார்.

கார்டில் இருந்தது இவ்வளவுதான்: 'மழையில் நனைந்தது என் குற்றம். உங்களுக்கு உண்டான நஷ்டத்தை அடுத்த லோடில் சரி செய்து தருகிறேன். கோபம் வேண்டாம்.'

அதைக் கையில் வைத்துக்கொண்டு அப்பாவிடம் போனேன்.

"இத ஏம்ப்பா வக்கீல்கிட்ட சொல்லல?"

"அவரு தகராறு உண்டான்னு கேட்டாரு. இது தகராறு இல்லியே. முடிஞ்சி போனது."

"எங்க முடிஞ்சிது? முடிஞ்சதுக்குக் காயிதம் எங்க?"

"பத்தொம்போது கட்டு வெச்சனே."

"யாரு எழுதி வெச்சாங்க?"

"அத எவனாவது எழுதுவானாடா?" என்றார். என்னைப் பார்த்த பார்வையில், இவனைப் படிக்கவைத்தது வீண் என்று எழுதியிருந்தது.

சுந்தரமூர்த்தி மனுவை விட்டுவிடலாம் என்றார். நோட்டீஸுக்குப் பிறகு கம்பெனி ஜோடித்த சாக்காக இருந்தால் கோர்ட்டு அதைத் தள்ளிவிடும். ஆனால் கார்டு நோட்டீஸுக்கு ஐந்து மாதம் முந்தியது. தபால் முத்திரையே தேதி சொல்கிறது. நோட்டீஸுக்கு முன்னாலேயே தகராறு இருந்ததென்றால் இந்த வழி அடைபட்டுப் போகும், பேசாமல் சிவில் கோர்ட்டுக்குப் போவோம் என்றார்.

நான் அவர் பேச்சைக் கேட்கவில்லை; மனுவைப் போடவைத்தேன். எனக்கு அந்தக் கறுப்புப் புள்ளி பொறுக்கவில்லை. நனைந்த பட்டை புளிக்கும், பூஞ்சை பிடிக்கும், சத்துக் குறையும். கறுப்புப் புள்ளி போடாது. பட்டைச் சாற்றில் இரும்பு பட்டால்தான் கறுக்கும். கம்பெனித் தொட்டிக்குத் தண்ணீர் வருகிற குழாய் துருப்பிடித்தது என்பது அங்கே வேலை செய்கிற எல்லாருக்கும் தெரியும். அப்துல் சமத்திடம் கேட்டேன். மறுவாரம் புள்ளி விழுந்த தோலில் கையகலத் துண்டு ஒன்றை உருது பேப்பரில் சுற்றிக்கொண்டு வந்து கொடுத்தார். ராணிப்பேட்டையில் வைத்துச் சோதித்தேன். அமிலம் தடவி, ஃபெர்ரோசயனைடு கரைசலில் ஒரு சொட்டு விட்டால், இரும்பு இருக்கும் இடம் நீலமாகும். புள்ளிக்குப் புள்ளி நீலமாயிற்று. அப்பாவின் பட்டையைச் சோதித்தேன். நீலம் இல்லை. ஆறு பக்கத்தில் அறிக்கை எழுதினேன். என் வேலைகளில் அதைவிடச் சுத்தமான அறிக்கை இல்லை.

சுந்தரமூர்த்தி அதைப் படித்துவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

"தம்பி, நல்லா எழுதிருக்க. இத உள்ள வெக்காத. இது சிவில் கோர்ட்டுக்கு உண்டான சரக்கு. இங்க வெச்சா, தகராறு இருக்குதுன்னு நாமளே போய்ச் சாட்சி சொன்ன மாதிரி ஆயிடும்."

நான் வைத்தேன். உண்மையை உண்மை என்று நிரூபித்தால் தோற்பார்கள் என்பதை என்னால் நம்ப முடியவில்லை.

கம்பெனியும் ஒரு நிபுணரைப் பிடித்து எட்டுப் பக்கத்தில் அறிக்கை வைத்தது. நீதிபதி இரண்டையும் படித்தார். தீர்ப்பைத் தமிழில் சுருக்கினால் இவ்வளவுதான்: கடனைத் தீர்க்க முடியாத கம்பெனியை மூடுவதற்குத்தான் இந்த மனு. கடன் உண்டா என்பதிலேயே வழக்கு இருந்தால், அதைச் சாட்சி வைத்து விசாரிக்கும் இடம் சிவில் கோர்ட்டு. மூடிவிடுவேன் என்று பயமுறுத்தி வசூல் செய்ய இந்தக் கோர்ட்டு கருவியாகாது. இந்தத் தகராறு நோட்டீஸுக்காகக் கற்பித்தது அல்ல என்பதைத் தபால் கார்டு காட்டுகிறது. அது விசாரித்து முடிவு செய்ய வேண்டிய தகராறு என்பதை, மனுதாரரின் மகனே தாக்கல் செய்த அறிக்கை காட்டுகிறது. மனு தள்ளுபடி. மனுதாரர் கட்ட வேண்டிய செலவுத்தொகை நூற்றைம்பது ரூபாய்.

யோசித்துப் பார்த்தால் சட்டத்தில் தப்பில்லை. யாரோ ஒருவர் பொய்ப் பாக்கிக்காக நல்ல கம்பெனியை மூடச் சொன்னால், கோர்ட்டு இப்படித்தான் கேட்க வேண்டும். அதுதான் இன்னும் எரிச்சலாக இருக்கிறது. ஆயுசு முழுவதும் ஒருவரோடும் தகராறு செய்யாத மனிதர், தகராறு இருந்தது என்ற ஒரே காரணத்தால் தோற்றார். அந்தத் தகராறுக்கு ஆறு பக்கம் சேர்த்துக் கொடுத்தவன் நான்.

திரும்பி வரும்போது ரயிலில் அப்பா எனக்கு டீ வாங்கிக் கொடுத்தார். ஜட்ஜு நன்றாகப் படித்தவர், பொறுமையாகக் கேட்டார் என்றார். அந்த டீயை அரக்கோணம் வரை நான் குடிக்கவில்லை.

சிவில் கேஸைக் கெடு முடிவதற்குள் போட்டோம். அது வாய்தா வாய்தாவாக நகர்ந்தது. அடகு வட்டி ஏறி 1960-ல் கிடங்கு போயிற்று. வாங்கியவர் கோவிந்தசாமி என்ற பட்டை வியாபாரி. அப்பாவிடமே தொழில் பழகியவர். அவரிடமே அப்பா தராசுக்காரராகச் சேர்ந்தார். தன் கிடங்கில், தன் தராசில், மாதச் சம்பளத்துக்கு நின்றார். ராணிப்பேட்டைக்கு வந்துவிடச் சொன்னேன். பட்டை எடை போட அங்கே ஆள் இருக்கிறதா என்று கேட்டார். அம்மா பூங்காவனம், "அவர் இருக்கட்டும், நீ சத்தம் போடாத" என்பதோடு நிறுத்திக்கொள்வாள்.

1963-ல் அந்தக் கம்பெனியை மூட ஹைகோர்ட்டு உத்தரவிட்டது. எங்கள் சிவில் கேஸ் அதோடு நின்றுபோனது. மனுப் போட்டவர் பம்பாயில் ஒரு கெமிக்கல் வியாபாரி. அவருக்கும் பாக்கி. அவருடைய கடிதங்களும் பரந்தாமனின் ஃபைலில்தான் இருந்தன. முப்பது கடிதமும் வசவு. ஒன்றில்கூட 'மன்னிக்கவும்' கிடையாது. கம்பெனி எதைப் பிடித்துக்கொண்டு தகராறு என்று சொல்லும்? நான்கு மாதத்தில் உத்தரவு.

கம்பெனியின் சொத்தை விற்றுக் கடன்காரர்களுக்குப் பங்கிட அரசாங்கம் நியமித்த லிக்விடேட்டர் அப்பாவுக்கும் ஒரு ஃபாரம் அனுப்பினார். பாக்கி எவ்வளவு, ஆதாரம் என்ன, தகராறு ஏதாவது உண்டா, உண்டென்றால் எப்படித் தீர்ந்தது என்று எழுதி, சத்தியப் பிரமாணம் செய்து அனுப்ப வேண்டும். அப்பா அதைப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டார். மூன்று கடிதம் எழுதினேன். நீ வந்ததும் எழுதலாம் என்று பதில். தை மாதம் போனேன்.

பாக்கி, பில் நம்பர், லாரி நம்பர் எல்லாம் அவர் சொல்லச் சொல்ல எழுதினேன். தகராறு எப்படித் தீர்ந்தது என்ற இடம் வந்ததும், பத்தொன்பது கட்டு என்று எழுதப் போனேன். அப்பா என் பேனாவின் மேல் கையை வைத்தார்.

"அத எழுதாத."

"கம்பெனியே இல்லப்பா. யாருகிட்ட சொல்லிக் காட்றோம்? செத்துப்போச்சு அது."

"அப்ப செத்தவன்கிட்ட சொல்லிக் காட்டலாமா? குடுத்தத எழுதிட்டா அது குடுத்ததா ஆவாதுடா."

"எழுதாம இருந்து இன்னா ஆச்சி? கெடங்கு போச்சி."

அவர் பேனாவின் மேலிருந்து கையை எடுக்கவில்லை. நான் ஃபாரத்தை மடித்து அவர் மடியில் போட்டேன்.

"அப்ப கடைசி வரைக்கும் அந்தத் தராசுகிட்டயே நில்லு" என்றேன்.

அன்று சாயங்கால பஸ்ஸிலேயே திரும்பிவிட்டேன். இருபத்தேழு நாள் கழித்து, காலை பத்து மணிக்கு, கோவிந்தசாமியின் கிடங்கில் கட்டு ஒன்றைத் தூக்கிவைக்கும்போது விழுந்தார். தராசுக்கும் அவருக்கும் இரண்டடி.

காரியம் முடிந்த மறுநாள் அப்துல் சமத் வந்தார். கம்பெனி மூடியதில் அவருக்கு ஐந்து மாதச் சம்பளம் நின்றிருந்தது. பேரணாம்பட்டில் மகள் வீட்டில் இருந்தார். செய்தி தாமதமாகக் கிடைத்தது என்றார்.  பிறகு, பணம் வந்ததா என்று கேட்டார். ஃபாரத்தை எடுத்துக் காட்டினேன். எழுதாமல் விட்ட இடத்தையும் காட்டினேன்.

"பத்தொம்போது கட்டுதான?" என்றார். "நான்தான தம்பி எறக்குனேன். கேஸு நடக்கும்போதே உங்கப்பாகிட்ட வந்தேன். பச்சையப்பண்ணே, நான் வந்து கோர்ட்ல சொல்றேன்னேன். வேணாம் பாய்னுட்டாரு. உன் வேல போச்சின்னா உன் வூட்டுக்கு நான் எந்தக் கட்ட மேல வெச்சி அனுப்புவேன்னாரு."

இது எனக்குத் தெரியாது. ஐந்து வருஷம், பக்கத்தில் உட்கார்ந்து நான் கத்திய எந்த நாளிலும் அப்பா இதைச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நான் அன்றே கம்பெனிக் கிடங்குக்கே ஓடி சமத்தை இழுத்து வந்திருப்பேன் என்று அவருக்குத் தெரியும். ஒரு நிமிஷம் இறந்துபோன மனிதர் மேல் எனக்கு வந்த கோபத்தை இங்கே எழுத முடியாது. அம்மா உள்ளேயிருந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனாள்.

"இப்ப சொல்றீங்களா?" என்று கேட்டேன்.

"இப்ப எனக்கு இன்னா வேல இருக்குது போறதுக்கு?" என்றார் சமத். பிறகு கொஞ்சம் தயங்கினார். "எழுதறது அவருக்குப் புடிக்காதே, தம்பி."

"புடிக்காது" என்றேன்.

அவர் முன்னாலேயே எழுதினேன். 1958 செப்டம்பர் பதினான்காம் தேதி, நான்காவது லாரியில், மூன்றாவது லாரியின் குறைக்கு ஈடாக, எடை போடாமல், பத்தொன்பது கட்டு ஆவாரம்பட்டை இறக்கப்பட்டது. குறை அத்துடன் தீர்ந்தது. கட்டு ஒன்றுக்கு எடை எவ்வளவு இருக்கும் என்று கேட்டேன். சமத் கையை ஒரு முறை தூக்கிப் பார்த்துவிட்டு, இருபத்தெட்டு ராத்தலுக்குக் குறையாது என்றார். அதையும் எழுதினேன். வேலூரில் சுந்தரமூர்த்தியின் முன்னிலையில் உருதுவில் கையெழுத்துப் போட்டார். இறந்த பச்சையப்பனின் வாரிசு என்று நான் கையெழுத்துப் போட்டேன். அந்தச் சொற்களை எழுத எனக்கு நேரமாயிற்று. சுந்தரமூர்த்தி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

போன வாரம் லிக்விடேட்டர் ஆபீஸிலிருந்து கடிதம் வந்தது. கறுப்புப் புள்ளி நஷ்டம் பற்றிக் கம்பெனிப் புத்தகங்களில் ஒரு வரிகூட இல்லையாம்; அந்த வாரத்துத் தோல்கள் எல்லாம் முழு விலைக்கே லண்டனுக்குப் போயிருக்கின்றன. நனைந்த லோடு விஷயம் மேஸ்திரியின் பிரமாணப்படி தீர்ந்துபோனது. ஒன்பதாயிரத்து அறுநூற்று நாற்பதும் பாக்கி என்று ஒப்புக்கொள்ளப்படுகிறது. ரூபாய்க்கு எத்தனை பைசா கிடைக்கும் என்பது பின்னால் தெரியவரும். முப்பதுக்கு மேல் வராது என்கிறார் சுந்தரமூர்த்தி. கிடங்கைத் திரும்ப வாங்க அது போதாது.

கடிதத்தோடு ஒரு அட்டவணை இணைத்திருந்தார்கள். அப்பாவின் பெயர் பதினேழாவது வரிசையில் இருந்தது. தொகைக்கு அடுத்த கட்டத்தின் தலைப்பு: தகராறு. அதற்குக் கீழே டைப் அடித்திருந்தது: இல்லை.

அப்பா அன்றைக்கு வக்கீலிடம் சொன்னதும் அதுதான்.